ஆறு டன்

தூக்குவது பெரிய விஷயமில்லை.
ஹீலியத்துக்குத் தெரிந்த ஒரே வேலை அது.
இறக்கி வைப்பதுதான்.

ஆறு டன் பாரத்தைத் தரையில் வைத்துக்
கொக்கியைக் கழற்றிய நொடி
கப்பல் ஆறு டன் மெலிந்துவிடும்.
விட்டால் கயிறு பிடித்தவர்களையும் சேர்த்து
மேலே கொண்டுபோகும்.
அதனால் கொடுக்கும்போதே வாங்கவும் வேண்டும்,
கிலோவுக்குக் கிலோ.
என் வேலைக்குப் பெயர் சுமைமாற்றுப் பொறியாளர்.
அடையாள அட்டையில் இடம் போதாமல்
'சுமை' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது.

யெலஹங்காவுக்கு வடக்கே,
திராட்சைத் தோட்டமாக இருந்த நிலத்தில் எங்கள் கொட்டகை.
உள்ளே நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பொறுமையின்மை.
குளுகுளு ஊர் என்று எல்லோரும் கொண்டாடும்
இந்தத் தொள்ளாயிரம் மீட்டர் உயரம்
தூக்குவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தின்கிறது.
வெயில் பட்டால் உறைக்குள் வாயு பூரித்து
நானூறு கிலோ கூடுதலாக இழுக்கிறது;
மேகம் வந்தால் அதே நானூறு காணாமல் போகிறது.
பர்வீன் மோப்பக்கருவியோடு தையல் தையலாக நடக்கிறாள்.
தினமும் ஒரு சைக்கிள் விலைக்குக் கசிகிறதாம்.
எந்தத் தையலில் என்றுதான் தெரியவில்லை.

சோதனை நாள், ஏப்ரல்.
ஆறு டன் கான்கிரீட்டுக்கு மாற்றாக
ஆறாயிரம் லிட்டர் தண்ணீர்:
சரியாக ஒரு டேங்கர்.
காற்று எழும்பும் முன் வரச் சொல்லியிருந்தோம்.
சித்தலிங்கப்பா வந்தபோது மணி ஆறே முக்கால்.
"யாருக்கு?" என்றார்.
மேலே காட்டினேன்.
"குடிக்குமா?"
"இல்லை. சும்மா வைத்திருக்கும்."
அவர் சிரிக்கவில்லை.

கான்கிரீட் தரையைத் தொட்டது.
பம்ப் ஓடியது.
தொட்டிகளில் நீர் ஏற ஏறக்
கொக்கியின் இழுவை குறைந்துகொண்டே வந்தது,
திரையில், என் கண்ணெதிரே,
ஐந்தாயிரம், மூவாயிரம், இரண்டாயிரம்,
ஆயிரத்து நானூறு.
ஆயிரத்து நானூறு.
ஆயிரத்து நானூறு.
குழாய் இருமியது. காற்று.

சித்தலிங்கப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார்.
வழியில் ஒரு சந்து.
செவ்வாய்க்கிழமையிலிருந்து வண்டி போகாத சந்து.
வரிசையாகக் குடத்தை நட்டு மறித்துவிட்டார்கள்.
"எண்பது குடம் இருக்கும் மேடம். எண்ணலை."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிறார்கள்.
காவிரியே நூறு கிலோமீட்டர் பம்ப்பில் ஏறி வரும் ஊரில்
எந்த ஆற்றை நான் அளப்பது?

எட்டு மணிக்குக் காற்று வந்துவிடும்.
அதற்குள் கட்டுகம்பத்துக்குப் போகாவிட்டால்
பாறையில் கட்டிய பட்டம்போல் சுற்றிச் சுற்றிக் கிழியும்.
இன்னொரு டேங்கருக்கு மதியம் வரை ஆகும்.
வாயுவைத் திறந்துவிடலாம்; மூன்று மாத பட்ஜெட்.
விமானி ஜெரால்ட் டிமெல்லோ ஏணியை இறக்கிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார்.

புரிந்தது.
முதலில் நான். ஐம்பத்தெட்டு.
பிறகு காற்றியல் கணக்குப் போடும் இரண்டு பையன்கள்,
ஒல்லியாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டபடி.
காவலாளிகள். கேண்டீன் நிங்கம்மா,
கரண்டியைக் கீழே வைக்காமலே.
முதலீட்டாளர் சார்பில் வந்தவர் ஷூவைக் கழற்றப் போக,
"வேண்டாம், அதுவும் எடைதான்" என்று கத்தினேன்.
இருபத்தொன்றாவதாகச் சித்தலிங்கப்பா.
எண்பத்து மூன்று.
வாழ்க்கையில் முதல்முறையாக
யாரும் யாருடைய பருமனையும் கேலி செய்யவில்லை.

இழுவை பூஜ்யம் தொட்டது.
கீழே பர்வீன் கொக்கியைத் திறந்தாள்.
கப்பல் அசையவில்லை.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
நான்கு வருடமாக நான் காகிதத்தில் வரைந்த அந்த அசைவின்மை
வியர்வையும் சாம்பாரும் மணக்க
எங்களைச் சுற்றி நின்றது.

எங்கோ ஒரு சந்தில்
அந்நேரம் யாரோ முகம் கழுவியிருப்பார்கள்.

மாலையில் அறிக்கை எழுதினேன்.
மாற்றிய சுமை:
நீர், 4,600 கிலோ.
இதர, 1,400.