உறுதிமொழிப் படிவம்

'விளையாடப் பணம் எதுவும் பெற்றதில்லை'
என்ற வரிக்கடியில்
கையெழுத்துக் கேட்டார் பி.டி. சார்.

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நாலாள் உயர ஃப்ளெக்ஸில்
'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று
என் முகந்தான் சிரிக்கிறது.
பனியனில் நெஞ்சுக்கு நகைக்கடை,
முதுகுக்கு சிமெண்டு.

போன கொடைக்குப் பணகுடியில்
சங்கிலிபூதத்தான் என்ற பெயரை மறைத்து
வேறெவனாகவோ பாடிப் போனேன்.
ரெய்டுக்கு இருநூறு.
ஜெயித்ததற்கு ஒரு கிடா.
கிடாவை விற்றுத்தான்
கால்முட்டுக்கு ஸ்கேன் எடுத்தது.

"அதையும் எழுதணுமா சார்?"
"ஏல, கோட்டைத் தாண்டாமப் போடுல."

போட்டேன்.
காலேஜ் கையெழுத்துப் போட
எங்கேயாவது ஒரு கோடு இருக்கிறதா என்று
தாளைத் திருப்பினேன்.

தாளின் முதுகிலும்
அதே சிமெண்டு.