இல்லாத வீட்டின் உயரம்

வீடு கட்டுமுன் இங்கே
வீட்டின் எலும்பை நட்டுக் காட்ட வேண்டும்.
சட்டம் அப்படி.
மூலைக்கு ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில்
கூரை எந்தப் பக்கம் சரியும் என்று சொல்ல
முழங்கை மடக்கியது போல் ஒரு தகடு.
இருபது நாள் நிற்கும்.
அதற்குள் வேண்டாம் என்பவர்
வேண்டாம் என்று எழுதித் தரலாம்.

நான் வின்டர்தூர் நகரமைப்புத் துறையில்
அந்தக் கம்பங்களை அளப்பவள்.

மார்ச். டோஸ் ஆற்றை ஒட்டிய மனை,
சாயப்பட்டறையை இடித்த இடம்.
சரளைக்கல்லில் இன்னும் லேசாக நீலம்.
பதினோரு கம்பங்கள், பதினொன்றரை மீட்டர்.
மேல்மாடிப் படுக்கையறை வரப்போகும் உயரத்தில்
ஒரு காகம் உட்கார்ந்திருந்தது,
வாடகை ஒப்பந்தம் இல்லாமல்.
கீழே இரண்டு சிறுவர்கள்
வரப்போகும் சுவருக்குள் நுழைந்து
மறுபக்கம் சைக்கிளில் வெளியே வந்தார்கள்.
அளந்தேன். உயரம் சரி.
உயரம் சரியென்று எழுதிவிட்டுப் பேருந்து பிடித்தேன்.

பதினெட்டாம் நாள் அலுவலகம் வந்தார்
மிர்சாத் ஹலிலோவிச். பக்கத்துக் கட்டடம், இரண்டாம் மாடி.
முப்பது வருஷம் லாரி ஓட்டிய கை,
கையில் ஒரு செருப்புப் பெட்டி,
பெட்டி நிறையப் புகைப்படம்.
அவர் சமையலறை மேஜை, நாலு மணி.
அதே மேஜை, நாலே கால்.
அதே மேஜை, நாலரை.
விரிப்பின் குறுக்கே
ஒரு மெல்லிய கறுப்புக் கோடு
ரொட்டிக் கூடையைத் தாண்டி நகர்கிறது.
"கம்பத்துக்கே இது," என்றார்.
"கம்பங்களுக்கு நடுவே சுவர் வந்தால்?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
வானளாவும் கட்டடம் என்றால் நிழலுக்கு விதி உண்டு.
நாலு மாடிக்குக் கிடையாது.
விதிக்குத் தெரிந்தது உயரம், நீளம்,
எல்லையிலிருந்து எத்தனை தூரம்.
மேஜை அதற்குத் தெரியாது.

"அப்புறம் எதற்காக
எனக்குக் காட்டினீர்கள்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் படிவம் இல்லை.

மறுநாள் திரும்பப் போனேன்.
ஏன் என்று மேலாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
கிழக்கு ஓரத்தில் முள்ளுப்புதர்.
கையுறையோடு விலக்கினால், பாசிக்கு அடியில்
எல்லைக் கல்.
வேலியோ கல்லைத் தாண்டி
அவர்கள் பக்கம் நாற்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது.
வரைந்தவர் வேலியை நம்பிவிட்டார்.
ஐந்து மீட்டர் விட வேண்டிய இடத்தில்
நாலு அறுபது.

திருப்பி அனுப்பினேன். இரண்டே வரி.

குடியிருப்புக் கூட்டுறவிலிருந்து
அன்னெக்ரெட் வூல்சர் தொலைபேசியில் கத்தவில்லை;
கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
"காத்திருப்புப் பட்டியலில் அறுபத்து மூன்று குடும்பம்.
ஒருத்தி ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடிந்து வந்து
குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு
அவர்கள் கட்டிலில் தூங்குகிறாள்.
உங்கள் நாற்பது சென்டிமீட்டரில்
அவளை எங்கே படுக்க வைப்பது, சொல்லுங்கள்."

அதற்கும் படிவம் இல்லை.
அவள் சொன்னது பொய்யும் இல்லை.

மே மாதம் கம்பங்களைப் பிடுங்கி
மேற்கே தள்ளி நட்டார்கள்.
பழைய குழிகளில் மழைத்தண்ணீர்.
இன்னொரு இருபது நாள்.
ஆட்சேபணை எதுவும் வரவில்லை.
மிர்சாதும் எழுதவில்லை. தபாலில்
ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தார்.
மேஜை, ரொட்டிக் கூடை, வெயில்.
பின்புறம் பென்சிலில்: ஏழு நிமிடம் கூடுதல்.

மார்ச்சில் நிற்கும் இடத்தில் மே மாதச் சூரியன் நிற்பதில்லை.
அந்த ஏழில் எனக்கு எத்தனை,
கோடைக்கு எத்தனை என்று
யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.
சுவர் எழுந்தால் ஏழும் போகும்.
அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அனுமதியில் கையெழுத்திட்டேன்.
முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது.
படத்தைக் கோப்பில் சேர்த்து
இணைப்பு பதினான்கு என்று எண்ணிட்டேன்.
பொருள் என்ற கட்டத்தில்
பேனா நின்றது,
காபி ஆறியது,

பிறகு எழுதினேன்:
மேஜை.