வாய் மூடியவை

யீஷூன், ஒன்பதாவது மாடி, ஞாயிறு மதியம்.
சோங் பாங் சந்தையில் வாங்கிய குச்சாய்
பலகை நிறையப் பச்சையாய்க் கிடக்கிறது.
கொத்திய கோழி, இஞ்சி, நல்லெண்ணெய்.
இதுவரை சியூயுன் சொன்னபடி.
ஒரு பிடி கறிவேப்பிலை, கொஞ்சம் சோம்புத்தூள்.
இது என் கை.
அவள் குனிந்து முகர்ந்தாள்,
தடுக்கவில்லை.

மேசையைச் சுற்றி ஐந்து பேர்.
மாவை வட்டம் வட்டமாய்த் தேய்ப்பது
கொழுந்தன் தயாளன்.
அவன் மனைவி மடிப்பில் பதினோரு கொசுவம்.
சேலை கட்டத் தெரியாதவள்
கொசுவம் வைக்கிற அழகைப் பாருங்கள்!
இருபது வருஷமாய்க் கட்டுகிறேன்,
எனக்கு ஆறுக்கு மேல் வரவில்லை.
மகள் மதுவந்தி செய்துகொண்டிருப்பது டைனோசர்.

ஓரமாய் உட்கார்ந்து
சற்குணமும் மடிக்கிறார்.
கொசுவம் எல்லாம் கிடையாது.
வட்டத்தை இரண்டாய் மடித்து
விளிம்பை நகத்தால் நெருக்கி, இன்னொரு முறை நெருக்கி,
உள்ளே இருக்கும் எதுவும்
ஆயுளுக்கும் வெளியே வரக்கூடாது என்பதுபோல.

புதன்கிழமையிலிருந்து நாங்கள் பேசவில்லை.
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
வீட்டு முகவரிடம் சரி சொல்லிவிட்டு வந்தார்.
தெங்காவில் நாலறை. பால்கனி உண்டாம்.
'மாவு போதுமான்னு அப்பாவைக் கேளு.'
'போதும்னு அம்மாகிட்ட சொல்லு.'
செய்திக்குப் பத்துக் காசு கூலி.
மதுவந்தி இதுவரை
ஒரு வெள்ளி அறுபது சேர்த்துவிட்டாள்.

தண்ணீர் பொங்கி வந்ததும்
ஒரு குவளைப் பச்சைத்தண்ணீர் விட்டாள் சியூயுன்.
மறுபடி கொதி, மறுபடி குவளை.
'மூணு தடவை' என்றாள்,
விரல்களையும் காட்டி.
கொதியை அடக்கி அடக்கித்தான் வேகவைக்க வேண்டுமாம்.

கொசுவங்கள் மிதந்து வந்தன.
ஒரு காலை இழந்த டைனோசர் வந்தது.
அவருடையவை மட்டும் அடியிலேயே கிடந்து
பிறகு ஒவ்வொன்றாய்
வாய் பிளந்தன.
அவ்வளவு இறுக்கியும்.
'நகம் பட்ட இடத்தில மாவு மெலிஞ்சிடும்ணே'
என்றான் தயாளன்,
தேய்ப்பதை நிறுத்தாமல்.

யாரும் தொடாத உடைசல்களை
என் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டேன்.
கலங்கிய நீரில் குச்சாய்த் துணுக்குகள்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.

'பால்கனி எந்தப் பக்கமாம்?'
கேட்டது மதுவந்தியிடம்தான்.
அவள் கையை நீட்டினாள், பத்துக் காசுக்கு.
அதற்குள்
'கிழக்கு' என்றார்,
சுடச்சுட ஒன்றை
வாயில் அங்குமிங்கும் உருட்டிக்கொண்டே.