ஆண்கள் பக்கம்

சனிக்கிழமை போன படகு
ஞாயிறு விடியுமுன் தெற்குவாடிக்கு வந்துவிடும்.
காரலையும் நண்டையும் எடைபோட்டு முடிப்பதற்குள்
பாம்பன் கோயிலில் முதல் மணி.
இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வெள்ளைச் சட்டை.
காதுமடலில் ஒட்டிய செதிலோடு
கஸ்பார் பூசைக்கு வந்து நிற்பார்.
சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினால்
தூங்கிப்போவார்.
இரவெல்லாம் வலை இழுத்தவர்,
ஆண்டவருக்குத் தெரியாதா.

எங்கள் வீடு ஒற்றை அறை.
அடுப்பு, ஐஸ்பெட்டி, பிள்ளைகளின் புத்தகம், சண்டை
எல்லாம் அதற்குள்தான்.
சோற்றுத் தட்டை வைக்கக் குனிந்தால்
அவர் முழங்கால் இடிக்கும்.
கோபப்பட்டுத் தள்ளி நிற்கவும் இடம் கிடையாது.
பதினெட்டு வருசமாக
அவரை முழுசாய்ப் பார்க்கிற தூரம்
எனக்கு வாய்க்கவில்லை.

கோயிலில் வாய்த்தது.
ஆண்கள் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம்,
நடுவில் பத்தடி வெறுந்தரை.
முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தேன்.
பின்னந்தலை நரைத்திருக்கிறது.
முழந்தாளிட்டு எழும்போது இடதுகையை ஊன்றுகிறார்.
வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மெல்சியாவின் தோட்டை
அவருக்குத் தெரியாமல் அடகு வைத்த வருசம்
பன்னிரண்டு நாள் பேச்சில்லை.
'அம்மாவிடம் சொல்லு', 'அப்பாவிடம் கேளு' என்று
சின்னவள்தான் நடுவில் ஓடிக் களைத்தாள்.
அந்த ஞாயிறு பூசையில்
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம்.
முன்னால் நின்றவளைக் கும்பிட்டேன்.
பின்னால் நின்றவளைக் கும்பிட்டேன்.
மீன்காசு பாக்கி வைத்திருக்கும் வியாகுலத்தைக்கூடக் கும்பிட்டேன்.
பெண்கள் தீர்ந்துபோனார்கள்.
திரும்பினால்
அவர் ஏற்கெனவே என் பக்கம் பார்த்து
கைகூப்பி நிற்கிறார்,
உப்பில் சிவந்த கண்ணோடு.
எத்தனை நேரமாக நிற்கிறாரோ.
நானும் கூப்பினேன்.
மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.
வீட்டுக்கு வரும் வழியில் மட்டும்
'குழம்பா, வறுவலா?' என்றேன்.
'ரெண்டும்' என்றார்.

வாரம் தவறாமல் போகிறாயே,
என்ன கண்டாய் என்கிறாள்
பரமக்குடியில் வாக்கப்பட்ட என் தங்கச்சி.
குழுக் கடன் அப்படியே இருக்கிறது.
வலையில் அதிகமாய் ஒன்றும் விழவில்லை.
பெரியவன் ஜோவின்
கோயில் வாசல் பூவரசு நிழலில்
பைக்கில் சாய்ந்து போன் பார்க்கிறான், உள்ளே வருவதில்லை.
பூசை முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு போவான்.
அவன் பூசை அவ்வளவுதான்.
தங்கச்சியிடம் இதையெல்லாம் ஒத்துக்கொண்டேன்.
ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

போன வருசம் எல்லை தாண்டினதாகப் பிடித்துப்போய்
யாழ்ப்பாணத்துச் சிறையில் அவரை வைத்திருந்தார்கள்.
பதினொரு ஞாயிறு.
முதல் ஞாயிறு நான் போகவில்லை.
மத்தியானம் நாலு பெண்கள்
அரிசியும் விளைமீனும் கொண்டுவந்து வைத்து
'ஏன் வரலை?' என்று திட்டினார்கள்.
மறுவாரம் போனேன்.
ஆண்கள் பக்கம், தூணுக்கு அடுத்து,
அவர் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது.
கூட்டம் வாசல்வரை நிற்கிறது,
அங்கே யாரும் உட்காரவில்லை.
தவழ்ந்து போன குழந்தையைக்கூட
மெல்லத் தூக்கி இந்தப்பக்கம் வைத்தார்கள்.
பக்கத்தில் யார் என்று பார்த்தேன்.
கொழுந்தன் லிகோரி.
என்ஜின் பங்கில் சண்டைபோட்டு
ஏழு வருசமாய் எங்கள் வாசல் மிதிக்காதவர்.
இடத்தின் ஓரத்தில் தன் துண்டை மடித்துப் போட்டு
காவல் இருப்பதுபோல் இருந்தார்.
ஜோவின் அந்த வாரங்களில்
நிலைப்படி வரைக்கும் வந்து நின்றான்.

பன்னிரண்டாம் ஞாயிறு
மெலிந்துபோய் வந்தார்.
லிகோரி ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டார்.
ஜோவின் பூவரசுக்குத் திரும்பிவிட்டான்.
காதில் செதில் இல்லாமல்
சட்டை தொளதொளவென்று
அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார்.
சாமியார் ஆரம்பித்தார்.
அவர் தலை மெல்லச் சரிவதையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அன்றைக்கு என்ன பிரசங்கம் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.