இருபத்தேழாம் நாள்

கடை வாசல் வரிசையில் எனக்கு முன்னால்
பிளென்கின் சார்.
கீலிக்கு வேதியியல் எடுத்தவர்.
எங்களுக்கு நடுவே தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டை,
இரண்டு மீட்டர் காற்று,
கிரிம்ஸ்பியின் காற்று என்பதால் அதில் மீன்.

அவருக்குத் தெரியும்.
ஆறு வாரம் முன்பே கையெழுத்திட்டு
அனுப்பிவிட்டார்களாம்.
தலையெழுத்தைப் பார்த்தவர் யாருமில்லை.
என் மகளுடைய ஒற்றை எழுத்து மட்டும்
அந்த நீல முகக்கவசத்துக்குப் பின்னால்
மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

"நாய் எப்படி இருக்கு?" என்கிறார்.
நாய் நன்றாக இருக்கிறது.

மூக்குக்கண்ணாடியில் ஆவி.
பாதிக் கண்தான் தெரிகிறது.
ஓரத்தில் சுருங்குகிறதே,
அது பி-க்கான சிரிப்பா, சி-க்கானதா?
சாக்குச் சொல்ல வெயில்கூட இல்லை.

ஒருமுறை இவரிடம் கத்தியிருக்கிறேன்,
பறித்து வைத்த கைப்பேசிக்காக,
பள்ளி வாசலில், எல்லார் முன்னாலும்.
அவள் ஒன்பதாவதில் இருந்தபோது.
மறந்திருப்பார்.
மறக்காவிட்டாலும் அப்படிப்பட்டவர் இல்லை.
எப்படிப்பட்டவர் என்று எனக்கு என்ன தெரியும்?

ஜனவரி மாதிரித் தேர்வை
மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினாள்.
அப்போது ஜலதோஷம் என்றால் ஜலதோஷம்தான்.
ஈஸ்டருக்கு அப்புறம் பாரு, உட்கார்ந்து படிப்பேன் என்றாள்.
ஈஸ்டர் வந்தது.
பள்ளிக்கூடம் வரவில்லை.

"பரீட்சையே இல்லாம மார்க்கா?
வலை போடாமலே மீனை எடை போடுறான்" என்கிறான் கேவின்,
லாரிச் சாவியை மேசையில் எறிந்து.
நியூகாசில், மருந்தியல், ஒரு ஏ, இரண்டு பி.
அந்தப் பேச்சை எடுத்தாலே
எழுந்துபோய்க் கை கழுவுகிறான்.

வரிசை ஒரு பட்டை நகர்கிறது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்
ஹில்டாவுக்கு இன்று காலை நாலு கரண்டிக் கஞ்சி.
தாளில் மூன்றே கட்டம்:
முழுதும், பாதி, இல்லை.
நாலு கரண்டி பாதி ஆகாது.
பாதி என்றுதான் குறித்தேன்.
சில நாள் பிரியத்தில் குறிப்பேன்,
சில நாள் அவசரத்தில்.
ஆறு மணிக்கு அவள் மகன் லெஸ்டரிலிருந்து அழைப்பான்.
"அம்மா?"
"அப்படியேதான் இருக்காங்க."
சொல்லிவிட்டு நான் விடும் மூச்சை
மறுமுனையில் அவன் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பது
எனக்குக் கேட்கும்.

சாரின் கண்ணிலிருந்து
என் கண்ணை எடுத்துக்கொண்டேன்.
"எங்கயாவது ஈஸ்ட் கிடைக்குதா சார்?"
ஏதோ ஒன்று கேட்கவேண்டுமே.

உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்.
கைப்பிடிச் சுவரில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்து
பின்னால் நகர்ந்து நின்றார்,
புறாவுக்குத் தீனி வைத்தவர்போல.
"ரெண்டுதான் இருந்தது.
உங்களுக்கு ஒண்ணு."

வீடு வரை அதே யோசனை.
சி போட்டவர் ஈஸ்ட் தருவாரா?
சி போட்டவர்தானே தருவார்?
கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன.
இப்படியும் ஒரு மனுஷி ஆகிவிட்டேன்,
ஒண்ணேகால் பவுண்டு நல்ல மனதைப்
பிரித்துப் பார்க்கிறவள்.

மாடியில் கீலியின் அறை சாத்தியிருந்தது.
சத்தமில்லை.
எங்கள் அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால்
மூடிபோட்ட சின்னப் பாத்திரம்.
ஓர் ஆளுக்கு மட்டும் சமைக்கிற அளவு.
வாங்கியது யாருக்கும் தெரியாது.
இருபத்தெட்டு நாளுக்குள் திருப்பித் தரலாம்,
ரசீது உள்ளேதான் இருக்கிறது.
இன்று இருபத்தேழு.

மூடியைத் திறந்தேன்.
ரசீதின்மேல்
நான் வாங்காத ஒரு டின் திறப்பான்,
நெடுஞ்சாலை லாரி நிறுத்தக் கடையின்
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்.

கீழே குழாயில் தண்ணீர் ஓடுகிறது.
கேவின் கை கழுவுகிறான்.