காண்க: பூவழகன், ரெ.

சோஹார், ஆகஸ்ட். வெளியே நாற்பத்தாறு டிகிரி.
நூலகத்தின் ஏசிக்குக் கீழே
சால்வை போர்த்திக்கொண்டு பட்டியலிடுகிறேன்.
யாரோ வாசலில் வைத்துப்போன பெட்டியின் அடியில்
அறுபத்துநான்கு பக்கம், ஸ்டேபிள் அடித்தது:
'பதினோராம் தட்டு'. கவிதைகள். ரெ. பூவழகன்.
பதிப்பகம் இல்லை. ஆண்டு இல்லை.
முப்பத்தோராம் பக்கத்தில் காய்ந்த பருப்பு.

பருப்பு, இந்தப் பிரதிக்கு உரியது.
ஸ்டேபிள், இந்த வெளியீட்டுக்கு.
தமிழ், வெளிப்பாட்டுக்கு.
எல்லாவற்றையும் உரித்த பிறகு
தொட எதுவுமில்லாமல் மிஞ்சுவது படைப்பு;
அதைத்தான் உச்சியில் நிறுத்துகிறது மாதிரி.
நான்கு தட்டுச் சாரம்.
கட்டடத்துக்கு வெளியே நிற்பதும் சாரம்தான்,
உள்ளே இருப்பதாகச் சொல்வதும் சாரம்தான்.

பல நாட்டு நூலகங்கள் பகிர்ந்துகொள்ளும்
பெயர்க் கோப்பில் தேடினேன்.
ஒரு பூவழகன் ஏற்கெனவே இருந்தார்.
'உயரத்தில் வேலை: பாதுகாப்புக் கையேடு',
கம்பெனி வெளியீடு, தமிழாக்கம் மட்டும் அவர்.
நல்லவேளை, கையேடு எங்கள் அலமாரியிலேயே இருந்தது.
ஒன்பதாம் விதி:
கொக்கி மாட்டாமல் கை நீட்டாதே.
பதினேழாம் கவிதை முடிவதும் அந்த வரியில்தான்,
அங்கே அது யாரோ ஒருத்தியிடம் சொல்லப்படுகிறது.

"ஒரே ஆள்" என்றேன்.
முனா அல் பலூஷி கண்ணாடியைக் கழற்றினாள்.
"நடை சாட்சி ஆகாது. யாரும் யாரையும் திருடலாம்.
பிறந்த தேதி கேள்."

மதிய வெயிலுக்கு வேலை நிறுத்தும் நேரம் பார்த்து
கம்பெனி வழியாக எண் வாங்கி அழைத்தேன்.
விசிறிச் சத்தம், யாரோ தட்டு கழுவும் சத்தம்.
"எந்தத் தேதி வேணும் மேடம்?
பாஸ்போர்ட்ல இருக்கறதா, நான் பொறந்ததா?"
இரண்டையும் சொன்னார்.
இரண்டுக்கும் இடமிருந்தது பதிவில்,
எங்கிருந்து தெரியும் என்று எழுதினால் போதும்.
கையேடு?
"ஆமா, அதுக்கு இருபது ரியால் குடுத்தாங்க."

பெயர்தான் இழுத்தது.
குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில்
யாரோ ஒரு ஏஜென்ட் அப்பாவை எழுதிவிட்டான்.
பதினெட்டு வருஷமாக இங்கே அவர் ரெங்கசாமி.
ஒருநாளும் கடல் தாண்டாத அந்த ரெங்கசாமி
விடிகாலை ஐந்து மணிக்குக் கேம்ப் வாசலில்
பெயர் கூப்பிடும்போது
தினமும் ஆஜர்.

முனா அரபியில் எழுத உட்கார்ந்தாள்.
எங்களுக்கு ப என்று எழுத்து ஒன்று, ஒலி இரண்டு.
அவளுக்கு அந்த இரண்டில் ஒன்றுதான்.
ழ-வுக்கு நாக்கை மடித்துப் பார்த்தாள்,
சிரித்தாள், லாம் போட்டாள்.

ரெங்கசாமி, பூவழகன் ரெங்கசாமி
    காண்க: பூவழகன், ரெ.
பூவலகன்
    காண்க: பூவழகன், ரெ.
'மொழிபெயர்ப்பாளர், சேஃப்டி பிரிவு'
என்று ஒரு தாளில் கையெழுத்து. அதற்குக் 'காண்க' போட
விதி இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டு பதிவையும் ஒன்றாக்கி அனுப்பினேன்.
காலைக்குள் நான் பார்க்காத ஊர்களிலெல்லாம்
அவர் ஒரே ஆள் ஆகியிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே வந்தார்.
சட்டை இஸ்திரி போட்டது, நகத்தில் சிமென்ட்.
"எங்கிட்ட ஒரு காப்பிகூட இல்ல மேடம்.
எல்லாம் ஊருக்குப் போறவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."

கவுண்டரில் இருந்த பையன் அட்டையைத் தட்டினான்.
திரையில் ரெங்கசாமி.
எழுதியவர்களின் கோப்புக்கும்
இரவல் வாங்குபவர்களின் பட்டியலுக்கும் இடையே
எந்த மாதிரியும் கோடு போட்டுவைக்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை,
அவர் கண் காட்டினார்.

முத்திரை விழுந்தது.
பதினான்கு நாளில் திருப்பித் தர வேண்டும்.

முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து
பருப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே
படி இறங்கினார்.