வெந்நீர் எந்தக் கணக்கில்

ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போடும்
இந்த ப்ரென்னிக் நகரம்.
ஆறே எங்கள் கணக்கில்தான் ஓடுகிறது:
நிதி எண் நூற்றுப் பதினெட்டு, கரைப் பராமரிப்பு.

நான் நகராட்சியில் எண் அடிக்கிறவள்.
ஊஞ்சல் சங்கிலி எத்தனை அடி,
வாத்துக் குளத்தில் பாசி அள்ள எத்தனை ஆள்,
கேட்டால் சொல்வேன்.
வாத்துகள் எத்தனை என்று கேட்காதீர்கள்,
அதற்கு இன்னும் பத்தி திறக்கவில்லை.

பணம் வருகிற வழியெல்லாம் விசித்திரம்.
வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்குப் பத்தொன்பது சென்ட்,
அதுவும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை
ஊர் சரி என்று வாக்களித்தால்.
(சென்ற முறை நாற்பத்து மூன்று வாக்கில் பிழைத்தோம்.
அன்று நல்ல மழை.
எதிர்ப்பவர்கள் கொஞ்சம் சோம்பேறிகள் போல.)
புதிதாக எழும் வீடு ஒவ்வொன்றும்
தான் மறைத்த வானத்துக்கு ஈடாக
ஒரு மரத்தின் காசை எண்ணி வைக்க வேண்டும்.
அப்புறம் விடுதி வரி.
யாரோ வெளியூர்க்காரர் ஓரிரவு புரண்டு படுத்தால்
எங்கள் பூங்காவில் ஒரு முழம் புல் பச்சையாகும்.

இந்த வருடம் சண்டை வெந்நீருக்கு.

நீச்சல் குளம் திறக்குமுன்
காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை
காரில் உறங்குகிறவர்கள் வந்து குளிக்கிறார்கள்.
வருடத்துக்குப் பதினோராயிரத்து நானூறு டாலர்.
பூங்காத் துறையின் டார்வின் எல்ஸ்பெரி எழுந்து,
"நீந்தாதவர் தலையில் விழும் தண்ணீர்
பொழுதுபோக்கு ஆகாது" என்றார்.
மனித சேவைத் துறையின் இங்க்ரிட் பாச்சேக்கோ எழவில்லை.
"குழாய் உங்களுடையது, கொதிகலன் உங்களுடையது.
அழுக்கு மட்டும் எங்களுடையதா?"

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஒருவர் நாய் வேலி இன்னும் ஓரடி உயர வேண்டும் என்றார்.
இன்னொருவர்,
பிக்கிள்பால் சத்தத்தில் தன் பூனை இளைத்துவிட்டது என்று
புகைப்படங்களை நீட்டினார், முன், பின்.
பிறகு வெர்னா ட்ராஸ்க்.
வேலைச் சட்டையோடு வந்திருந்தாள்,
நெஞ்சில் ஹார்பர் பைன்ஸ் விடுதியின் பெயர்ப்பட்டை.
"ஒரு நாளைக்குப் பதினாறு குளியலறை தேய்க்கிறேன்.
ஒன்றிலும் குளிக்க எனக்கு அனுமதியில்லை."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.
மீதி இரண்டரை நிமிடம்
கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடியது.
நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான் திரையைப் பார்த்தேன்.
அவள் விரிப்பு மாற்றிய அறைகள்
என் அறுபத்திரண்டாம் வரியில் இருந்தன,
சதவீதமாக.
அந்த வரியிலிருந்துதான் பூங்காவுக்கு,
பூங்காவின் வாகன நிறுத்தத்துக்கு,
அங்கே இரவெல்லாம் எரியும் மூன்று விளக்குக்கு.
அவள் கார் எந்த விளக்கடியில் என்று
என்னிடம் தகவல் இல்லை.

இரவு பதினொன்று பத்துக்கு முடிவு வந்தது.
ஆளுக்குப் பாதி.
ஒரே குழாய்க்கு இரண்டு எண் போட்டேன்.
ஒரு நிபந்தனை:
அழுத்தினால் நான்கு நிமிடத்தில் நிற்கிற பொத்தான்.
பொத்தான் விலை எண்ணூற்று எழுபது டாலர்.
அது யார் கணக்கில் என்று மறுபடி எல்லோரும் பேசத் தொடங்க,
தலைவர் லெலண்ட் ஓகார்ட் கோட்டை மாட்டிக்கொண்டே
துணைக்குழுவுக்கு அனுப்பினார்.

பேச மூன்று நிமிடம், குளிக்க நான்கு.
பரவாயில்லை, தாராளம்தான்.

ஜனவரியில் ஒரு காலை
அளவுமானியைப் படிக்க ஆளில்லாமல் நானே போனேன்.
வெளியே வரிசையில் ஆறு பேர்,
துண்டை மடித்து அக்குளில் வைத்திருந்தார்கள்.
சுவருக்கு அப்பால் தண்ணீர் நின்றது.
பேனாவைத் திறந்தேன்.
உள்ளே யாரோ
பொத்தானை மறுபடி அழுத்தினார்கள்.
முள் ஓடும்போது படிக்கக் கூடாது என்பது விதி.
பேனாவை மூடிவிட்டு நின்றேன்.